கிணற்றுச் சுவரைச் சுரண்ட வேண்டாம்: வீட்டுத் தோட்டத்துக்குப் பெரணி தேர்ந்தெடுப்பது

கேள்வி: நான் வால்பாறை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்து 30 வருடமாகக் கோவை வடவள்ளியில் இருக்கிறோம். பெரணி (ஃபெர்ன்) மேல் எனக்குத் தீராத ஆசை. வீட்டின் வடக்குப் பக்கம் 4 அடி அகலம், 30 அடி நீளத்துக்கு ஒரு சந்து சும்மா கிடக்கிறது. வடக்குப் பக்கம் நிழல்தானே என்று இரண்டு முறை ஊட்டியிலிருந்து தொட்டிகள் வாங்கி வந்து வைத்தேன். இரண்டு முறையும் மே மாதத்துக்குள் கருகிவிட்டன. எங்கள் போர் தண்ணீர் உப்பு, டி.டி.எஸ். 1,400 என்று ஆர்.ஓ. மெஷின் பார்க்க வந்தவர் சொன்னார். வீணாகக் கூடாதே என்று ஆர்.ஓ. கழிவுநீரைத்தான் செடிகளுக்கு ஊற்றுகிறேன். இனி செடியே வேண்டாம், டைல்ஸ் போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) உள்ள பழைய கல் கிணற்றின் சுவர் முழுக்க ஏதோ செடி முளைத்திருக்கிறது. அதையும் ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்ய ஆள் சொல்லியிருக்கிறார். மாமியாருக்குப் பாம்பு பயம். எந்த வகைப் பெரணி வாங்கலாம்? வால்பாறையில் பார்த்த மரப்பெரணியை இங்கே வைக்க முடியுமா? சந்து, கிணறு இரண்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள அம்மா, முதலில் அந்த ஆசிட் ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய கிணற்றுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘ஏதோ செடி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அவை எல்லாமே பெரணிகள்தான். மேல்வரிசைக் கற்களின் இடுக்கில் ஏணிப்படி மாதிரி இரண்டு பக்கமும் நீளமான சிற்றிலைகளோடு தொங்குவது டெரிஸ் விட்டாட்டா. அதன் இலையைத் திருப்பினால் சிற்றிலையின் ஓரத்தில் பழுப்புக் கோடு ஓடும், நுனிச் சிற்றிலை மட்டும் தனியாக நீண்டிருக்கும். அதற்குக் கீழே, கறுத்த மெல்லிய காம்பில் அரைவட்ட இலைகளோடு இருப்பது நம் ஊர் மெய்டன்ஹேர். நர்சரியில் காசு கொடுத்து வாங்கி, வாங்கிய மாதத்திலேயே சாகக் கொடுக்கிறோமே, அந்த மெய்டன்ஹேரின் சொந்தக்காரச் செடி. தண்ணீர் மட்டத்தை ஒட்டி வளர்ந்திருப்பது வாய்க்கால் ஓரமெல்லாம் காணும் கிறிஸ்டெல்லா.

யாரும் நடாமல், ஒரு வாளி தண்ணீர் ஊற்றாமல், உங்கள் வீட்டு வெயிலையும் காற்றையும் தாங்கி அவை அங்கே நிற்கின்றன. எந்த வகை வாங்கலாம் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. அரசங்கன்றோ ஆலங்கன்றோ கல்லிடுக்கில் முளைத்திருந்தால் அவசியம் பிடுங்குங்கள். அவற்றின் வேர் தடித்துக் கல்லைப் பெயர்த்துவிடும். பெரணியின் வேர் நூல் மாதிரி மெல்லியது, தடித்துக் கல்லைத் தள்ளாது. அப்புறம், கிணற்றில் ஊற்றும் ஆசிட் நிலத்தடி நீருக்குத்தான் போகும். உங்கள் போர் எடுப்பதும் அந்த நீரைத்தான்.

சரி, ஊட்டிச் செடிகள் ஏன் கருகின? ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோவை 400 மீட்டரைச் சற்றுத் தாண்டும். பனிமூட்டத்திலும் குளிரிலும் வளர்ந்த செடி ஒரே நாளில் பஸ்ஸில் இறங்கி, ஏப்ரலில் 38 டிகிரியைத் தொடும் ஊருக்கு வந்து சேருகிறது. இது ஒரு காரணம்தான். உங்கள் கடிதத்தில் இன்னும் மூன்று தெரிகின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் எந்த வகையை வாங்கினாலும் அடுத்த மே மாதமும் இதேதான் நடக்கும்.

முதலாவது, வடக்குப் பக்கம் நிழல் என்ற நம்பிக்கை. குளிர்நாட்டுத் தோட்டப் புத்தகங்கள் சொல்வது அந்த ஊருக்குச் சரி. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும். கோவை இருப்பதோ 11 டிகிரி வடக்கில். ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்து, அதைத் தாண்டி வடக்கே போகிறது. திரும்பி உச்சிக்கு வருவது ஆகஸ்ட் 23 வாக்கில். இந்த நான்கு மாதமும் நண்பகல் வெயில் உங்கள் சந்துக்குள் நேராக இறங்கும். கார்த்திகையிலும் மார்கழியிலும் அந்த இடத்தைப் பார்த்து ‘ஜில்லென்று இருக்கிறதே’ என்று செடி வைக்கிறோம். சித்திரையில் அதே இடம் அடுப்பாகிவிடுகிறது.

இதற்குச் செலவு அதிகமில்லை. வீட்டுச் சுவரிலும் காம்பவுண்டு ஓரத்திலும் கொக்கி அடித்து, 8, 9 அடி உயரத்தில் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் விரித்து ஆகஸ்ட் முடிவில் சுருட்டி வைத்தால் போதும். வருடம் முழுக்க விரித்தே வைத்தால் மழைக்காலத்தில் வெளிச்சம் போதாமல் இலைகள் நீண்டு தொய்ந்துவிடும். பெரணிக்கு இருட்டு பிடிக்கும் என்பது தவறு. புத்தகம் படிக்கிற அளவு வெளிச்சம் பகல் முழுக்க அதற்கு வேண்டும்.

இரண்டாவது காற்று. வீட்டுக்கு வடக்கே உள்ள சந்து என்றால் அது கிழக்கு மேற்காக ஓடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று, குழாயில் ஊதின மாதிரி அதற்குள் பாயும். மே மாதத்தைத் தாண்டி நிற்கும் பெரணியையும் இந்தக் காற்று கொன்றுவிடும். இலை இழக்கிற ஈரத்தை வேரால் ஈடுகட்ட முடியாது. சந்தின் மேற்கு முனையில் ஒரு தடுப்பு வையுங்கள். இரும்புக் கம்பி வலையில் கொடி ஏற்றலாம், இடமிருந்தால் இரண்டு மூன்று பாக்கு நடலாம். சுவர் வைத்து அடைக்க வேண்டாம், காற்றின் வேகம் குறைந்தால் போதும்.

மூன்றாவது தண்ணீர். நான் மிகவும் வருந்தியது இதைப் படித்துத்தான். சிக்கனமாக இருக்க நினைத்துச் செய்திருக்கிறீர்கள். ஆனால் ஆர்.ஓ. மெஷின் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் போகிறது. போர் தண்ணீரே 1,400 என்றால் கழிவுநீர் அதைவிட அதிகம். பெரணிகளில் பெரும்பாலானவை உப்பைத் தாங்காதவை. இலை நுனி முதலில் பழுப்பாகும், பிறகு ஓரம், பிறகு முழு இலை. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், உப்பு இன்னும் ஏறும். அந்த நீரை வாசல் கழுவவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

செடிக்கு மழைநீர்தான் அமிர்தம். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ 900 லிட்டர். அதாவது ஒரு நல்ல மழைக்கு ஒரு 1,000 லிட்டர் தொட்டி கிட்டத்தட்ட நிறைந்துவிடும். அருமையான ஆறேழு தொட்டிச் செடிகளுக்கு மட்டும் நாளுக்கு 5 லிட்டர் என்று கணக்கு வைத்தால், மார்கழியில் மூடி வைத்த தொட்டி ஆனி வரை வரும். வீட்டில் ஏ.சி. இருந்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரையும் பிடித்து வையுங்கள், உப்பு மிகக் குறைவு. சிறுவாணித் தண்ணீர் வரும் இடமென்றால் குடிநீரைத் தினமும் செடிக்கு ஊற்றச் சொல்ல மாட்டேன். மாதம் ஒருமுறை தொட்டியின் அடித்துளை வழியாக ஓடும் அளவுக்கு ஊற்றி, சேர்ந்த உப்பைக் கழுவிவிட அதைப் பயன்படுத்தலாம்.

ஆனாலும் 30 அடிப் பாத்தி முழுவதையும் மழைநீரில் காப்பாற்ற முடியாது. போர் தண்ணீர் கொஞ்சமாவது போகத்தான் செய்யும். அதனால் நான் வகைகளை அழகைப் பார்த்துப் பிரிப்பதில்லை, தண்ணீரைப் பார்த்துப் பிரிக்கிறேன்.

பாத்தியின் பெரும்பகுதிக்கு என் முதல் தேர்வு, உங்கள் கிணற்றிலேயே இருக்கும் டெரிஸ் விட்டாட்டா. இது சுண்ணாம்பை விரும்பும் பெரணி. பழைய காரைச் சுவர், பாலத்தின் அடி, கிணற்றுக் கல் என்று எங்கும் முளைப்பதற்கு அதுதான் காரணம். நம் கடினநீரில் உள்ள சுண்ணாம்பு மற்ற பெரணிகளுக்குத் தொந்தரவு, இதற்குப் பழகிய சாப்பாடு. பாதி வெயிலையும் தாங்கும். 2, 3 அடி நீளத்துக்கு இலைகள் வளைந்து விழும்போது பார்க்க நன்றாகவே இருக்கும். விலைக்கு விற்காததால் நாம் மதிக்காத செடி இது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெரணி மண்ணில் உள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் என்று 2001இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்யக்கூட இதை நடுகிறார்கள். தொழிற்சாலைக் கழிவு கலக்காத வீட்டு மண்ணில் பயப்பட ஒன்றுமில்லை. கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் வேண்டாம், வெட்டிய இலையை ஆட்டுக்குப் போட வேண்டாம், அவ்வளவுதான்.

இதைக் கிணற்றிலிருந்து எடுக்கும்போது பெரிய செடியைப் பிடுங்காதீர்கள், வேர் கல்லிடுக்கில் அறுந்துவிடும். விரல் நீளக் குட்டிகளை மழை பெய்த மறுநாள், ஒட்டியிருக்கும் காரையோடு பெயர்த்து எடுங்கள். பாத்தி மண்ணில் உடைந்த செங்கல்லும் பழைய சுண்ணாம்புக் காரைத் துண்டும் கலந்து நடுங்கள். கிணற்றுக்குள் ஆளை இறக்க வேண்டாம், கைக்கு எட்டும் மேல்வரிசையில் இருப்பதே போதும்.

அடுத்தது நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா. பல நர்சரிகளில் வெறும் ‘ஃபெர்ன்’ என்றே கொடுப்பார்கள். வாங்கும்போது வேரில் கோலிக்குண்டு அளவு உருண்டைக் கிழங்குகள் இருக்கிறதா என்று பாருங்கள். அவை தண்ணீர் சேமிக்கும் கிழங்குகள். நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் இது சமாளிப்பது அவற்றால்தான். பாஸ்டன் ஃபெர்னும் இதன் இனம்தான், ஆனால் அதற்கு இந்தக் கிழங்கு கிடையாது. படத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கோவைக் கோடையில் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால் ஒரு வருடத்தில் தரையை மூடிவிடும். பூமிக்கடியில் கொடி ஓட்டி விடாமல் பரவும் குணம் இதற்கு உண்டு. அதனால் டெரிஸுக்கும் இதற்கும் நடுவே ஓர் அடி ஆழத்துக்குக் கடப்பா கல்லைச் செங்குத்தாகப் புதைத்துவிடுங்கள்.

பாஸ்டன் என்ற பெயரைப் பார்த்து அதைக் குளிர்ப்பிரதேசச் செடி என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் மூல இனம் ஃபுளோரிடா போன்ற சூடான, ஈரக்காற்றுள்ள இடங்களைச் சேர்ந்தது. சூடு அதற்குப் பிரச்சினையில்லை, வறண்ட காற்றும் உப்பும்தான் ஆகாது. ஆசைக்கு இரண்டு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள், மழைநீர் மட்டும் ஊற்றுங்கள். ஊட்டியில் வாங்காமல், கோவையிலேயே ஒரு கோடையைக் கடந்த செடியாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், உங்கள் படத்தின் ஓரத்தில் ஒரு மாமரம் தெரிகிறது. அதற்கு ஒரு யோசனை சொல்கிறேன். கொல்லிமலைக்குப் போனவர்கள் வழியோரக் கடையில் முடவாட்டுக்கால் சூப் குடித்திருப்பார்கள். ஆட்டுக்கால் மாதிரி மயிர் மூடியிருக்கும் அந்தக் கிழங்கு ஒரு பெரணியின் தண்டு என்பது பலருக்குத் தெரியாது. டிரைனேரியா என்ற பெரணி அது. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும். அதற்கு இரண்டு விதமான இலை. ஒன்று பச்சையாக நீண்டு வளரும். இன்னொன்று குட்டையாக, சீக்கிரமே பழுப்பாகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். உதிர்ந்த இலையையும் தூசியையும் பிடித்து உரமாக்கித் தருகிற கூடை அது. காய்ந்துவிட்டதென்று அதைப் பிய்த்துவிட்டால் செடி பட்டினி கிடக்கும். கோடையில் பச்சை இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா இருக்கும், மழை விழுந்ததும் தளிர்க்கும். மாமரத்தின் முதல் கவட்டையில் தேங்காய் மட்டையை வைத்து, கிழங்கைத் தென்னங்கயிற்றால் கட்டிவிட்டால் போதும். சூப்புக்காக மலையிலிருந்து ஏராளமாகப் பெயர்த்து வருகிறார்கள், அதை வாங்கி இன்னும் ஊக்குவிக்க எனக்கு மனமில்லை. வளர்க்கும் யாரிடமாவது ஒரு சாண் துண்டு கேட்டு வாங்குங்கள், அதுவே பெருகிவிடும்.

சந்தின் கிழக்கு முனையில், குளியலறை ஜன்னலுக்குக் கீழே, இளவெயில் மட்டும் படும் இடத்தில் பேர்ட்ஸ் நெஸ்ட் என்ற பெரணி ஒன்று வைக்கலாம். அகல அகலமான முழு இலைகள் வட்டமாக விரியும், நுணுக்கமான இலைகளுக்கு நடுவே கண்ணுக்கு ஓய்வாக இருக்கும். மரத்தில் வளரும் இனம் என்பதால் வெறும் மண்ணில் அழுகிவிடும். நன்றாகக் கழுவிய தேங்காய் நார்க்கழிவு, கரித்துண்டு, செங்கல் துண்டு, கொஞ்சம் இலைமக்கு கலந்து தொட்டியில் வையுங்கள். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலும் உப்பு இருக்கும்.

நன்றாக வெயில் படும் இடம் மிஞ்சினால் அங்கே உண்மையான பெரணி வேண்டாம். அஸ்பாரகஸ் ஃபெர்ன் என்று விற்பதை வையுங்கள். பெயரில்தான் ஃபெர்ன், அது நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. பூக்கும், காய்க்கும், வேரில் நீர் சேமிக்கும், வெயிலைத் தாங்கும். சிவந்த பழத்தைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முள்ளும் உண்டு. கிணற்று மேடைக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி வைக்கும் எண்ணம் இருந்தால் ஆரைக்கீரை போடுங்கள். நாலு இலையோடு மிதக்கும் அந்தக் கீரையும் ஒரு பெரணிதான். சால்வீனியா என்ற மிதக்கும் பெரணியை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ஒரு துண்டு குளத்துக்குப் போய்விட்டால் குளமே மூடிவிடும்.

மரப்பெரணி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. எஸ்டேட் ஓடைக்கரையில் குடை விரித்த மாதிரி அது நிற்பதைச் சிறு வயதில் பார்த்தவர்களுக்கு மறக்காது. ஆனால் வடவள்ளியில் அது வாழாது. அதன் தண்டைச் சுற்றியிருக்கும் வேர்களுக்கு ஆண்டு முழுக்க ஈரமும் மூடுபனியும் வேண்டும். காட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவருவது சட்டப்படி குற்றமும்கூட. வெளிநாட்டு வணிகத்திலேயே கட்டுப்பாடு உள்ள செடி அது. அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. பட்டுப்போன தென்னையின் அடிமரத்தில் 5 அடித் துண்டை நிறுத்தி, உச்சியைக் குடைந்து, நெஃப்ரோலெபிஸ் பைசெர்ராட்டா என்ற பெரிய வகையை நடுங்கள். இலை நாலு பக்கமும் வளைந்து விழும். மரப்பெரணி ஆகாது என்றாலும் அந்தச் சாயல் கிடைக்கும். அடிமரம் சில வருடத்தில் மக்கிவிடும், அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

மாமியாரின் பயத்தை ஒதுக்கக் கூடாது. அடர்ந்த பெரணிக்குள் தவளை சேரும், எலி வளை தோண்டும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். அதனால் 4 அடியையும் நிரப்ப வேண்டாம். காம்பவுண்டு ஓரம் இரண்டரை அடி பாத்தி, வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி வெறும் நடைபாதை. அந்த ஒன்றரை அடிக்கு உங்கள் வீட்டுக்காரர் சொன்ன டைல்ஸைப் போட்டுக்கொள்ளலாம், சுவருக்கும் ஈரம் ஏறாது. பாத்திக்கு எல்லைக் கல் அடுக்கினால் இடுக்கெல்லாம் சிமெண்டால் அடைத்துவிடுங்கள். தரையில் படுத்த காய்ந்த இலைகளை மாதம் ஒருமுறை வெட்டுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கிக் கொசு வரும், தட்டில் கூழாங்கல்லையோ மணலையோ நிரப்புங்கள்.

இன்னொன்று. இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் வந்ததும் பூச்சி என்று பயந்து மருந்தடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை பெரணியின் வித்துப் பைகள். கோலப்புள்ளி மாதிரி ஒழுங்காக இருந்தால் வித்து. அங்கொன்றும் இங்கொன்றுமாக, காம்பிலும் ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினால் பிசுபிசுப்போடு பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. அப்படியிருந்தால் அந்த இலையை வெட்டி எறிந்துவிடுவதே நல்லது. வேப்பெண்ணெய் தெளித்தால் பல பெரணிகளுக்கு இலை கருகும், ஓர் இலையில் தெளித்து ஒரு வாரம் பார்த்த பிறகே மற்றதில் தெளியுங்கள். யூரியா பக்கமே போக வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

இப்போது ஆவணி. இந்த மாதம் மேற்குத் தடுப்பையும் பாத்தியையும் முடித்து, மழைநீர்த் தொட்டியை வைத்துவிடுங்கள். கோவைக்கு முக்கிய மழை ஐப்பசியில்தான். முதல் இரண்டு மழை விழுந்து மண் ஊறியதும் நடுங்கள். சித்திரைக்குள் வேர் பிடிக்க ஐந்து மாதம் கிடைக்கும். கிணற்று மெய்டன்ஹேரில் இரண்டு குட்டி எடுத்து ஒரு மண்தொட்டியில் வையுங்கள். சில இலைகளின் நுனி வால் மாதிரி நீண்டு மண்ணைத் தொட்டு, தொட்ட இடத்தில் புதுச் செடி முளைக்கும். மாசி, பங்குனியில் அது முழுவதும் காய்ந்துபோகும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். நிழலில் ஓரமாக வைத்து, வாரம் ஒருமுறை ஒரு டம்ளர் மழைநீர் மட்டும் விட்டுவாருங்கள். கோடை மழைக்குப் பிறகு கறுத்த காம்பில் புதுத்தளிர் சுருண்டு எழும். அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.